கண்ணுக்குத் தப்பும் ஆடை

திருக்கோணமலைக் கடைத்தெருவில் கால்மிதி இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் தையற்காரரிடம் ஒருவர் சென்று, "ஐயா, பிறர் கண்ணிற் படாதிருப்பதற்கு ஓர் ஆடை வேண்டும், தூய வெள்ளைத் துணியில் தைத்துத் தாருங்கள்" என்று கேட்பாராயின், தையற்காரர் அவருடைய முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்ப்பார். வெயில் தலைக்கேறியதோ என்று ஐயுறவும் கூடும். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அந்த ஊரில் வெள்ளை என்பது தெரிவதற்காக உடுப்பது. கோணேசர் கோயிலுக்கு மலையேறும் அடியாரின் வேட்டியும், பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகளின் சீருடையும், கடற்படையினரின் விழாக்கால உடுப்பும் வெள்ளை. நண்பகல் வெயிலில், பச்சை மலையின் பின்னணியில், ஒரு வெள்ளை வேட்டி அரை மைலுக்கு அப்பாலிருந்தே கண்ணைப் பறிக்கும்.

ஆயினும் அந்தக் கேள்வி பேதைமையான கேள்வி அன்று. உலகின் வடகோடியில், ஆண்டிற் பாதி வெண்பனி மூடிக் கிடக்கும் நாடுகளில், மறைவதற்கென்றே வெள்ளையாடை தைத்து உடுக்கும் வேட்டுவர் பல தலைமுறைகளாக உள்ளனர். அவர்களுடைய ஆடையின் கதையும், 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் திருக்கோணமலையை அடுத்த கடலில் நிகழ்ந்த கதையும் ஒரே கேள்வியைச் சுற்றி நிற்பவை. மறைய விரும்புகிறவன் யாருடைய கண்ணுக்கு மறைய விரும்புகிறான் என்பதே அக்கேள்வி.

பனி என்ற ஒரே சொல்லால் மார்கழி விடியலில் புல்லின் நுனியில் நிற்கும் துளியையும், இமயத்தின் உச்சியிற் கிடக்கும் வெண்படலத்தையும் தமிழர் குறித்து வந்தனர். வேண்டியபோது வெண்பனி, உறைபனி என்று அடைகொடுத்துக் கொண்டனர். இலங்கையில் நுவரெலியாவில் ஒரு சில காலை வேளைகளில் புல்வெளி உறைந்து வெளுத்திருக்கும். அதற்குமேல் வெண்பனியோடு நமக்குப் பழக்கமில்லை. வடநாட்டு வெண்பனியோ மாதக்கணக்கில் நிலத்தை மூடி, மரமும் பாறையும் தவிர எஞ்சியவற்றை ஒரே நிறமாக்கிவிடும். அந்த ஒரே நிறத்தின் மீது கறுத்த சட்டையுடன் ஒருவன் நடந்தால், வெள்ளைச் சுவரில் ஊரும் எறும்புபோலத் தெரிவான்.

இதை மனிதனுக்கு முன்னரே விலங்குகள் கண்டுகொண்டன. பனிமுயலும் பனிக்கௌதாரியும் குளிர்காலம் வருமுன் பழுப்பு மயிரையும் இறகையும் உதிர்த்து வெள்ளைக்கு மாறுகின்றன. இதில் ஒரு நுட்பம் உண்டு. முயல் நிறம் மாறுவது பனி விழுவதைக் கண்டு அன்று. பகற்பொழுது குறுகுவதை உணர்ந்தே அதன் உடல் மாறுகின்றது. ஆகவே பனி பிந்தி விழும் ஆண்டில், பழுப்புத் தரையிலே தும்பைப்பூப்போன்ற வெள்ளை முயல் செய்வதறியாது குந்தியிருக்கும். நரிக்கும் பருந்துக்கும் அதைத் தேடிப் பிடிக்கும் வேலையில்லை. புவி வெப்பமடைந்து வரும் இக்காலத்தில் வட அமெரிக்காவின் ஆய்வாளர் பலர் இந்த இடர்ப்பாட்டைக் கூர்ந்து கவனித்து வருகின்றனர். முயலைக் காத்த வெள்ளையே முயலைக் காட்டிக் கொடுக்கின்றது.

கிறீன்லாந்தின் வேட்டுவன் இதை நன்கு அறிந்தவன். இளவேனிலில் கடல்நாய்கள் பனிக்கட்டியின் மீதேறி வெயில் காயும். அவை ஒரு சிறு துயில் கொள்ளும், தலை தூக்கிச் சுற்றும் முற்றும் பார்க்கும், மீண்டும் துயிலும். வேட்டுவன் தன் நாய்வண்டியைத் தொலைவில் நிறுத்திவிட்டு, ஒரு சின்னஞ்சிறு சறுக்குக் கட்டையின் மீது வெள்ளைத் துணித் திரை ஒன்றை விரித்துக்கட்டி, அதன் பின்னே வயிற்றால் ஊர்ந்து முன்னேறுவான். திரையின் நடுவே துப்பாக்கிக் குழல் நுழைய ஒரு துளை இருக்கும். கடல்நாய் தலைதூக்கும்போது அசையமாட்டான், தலைசாய்க்கும்போது தள்ளுவான். தோலாடையின் மேலே வெள்ளைப் பருத்தியில் தைத்த மேலங்கியையும் அணிந்திருப்பான். குளிரைத் தடுப்பது உள்ளேயுள்ள தோலும் மயிரும். மேலங்கியின் வேலை கண்ணைத் தடுப்பது. இந்தப் பிரிவினைதான் பனிநாட்டு மறைப்பாடைத் தையலின் முதற்பாடம்.

அந்தத் தையலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வது தகும். துணியும் ஊசியும் அறிந்தவர்கள் அதன் நுட்பத்தை உடனே விளங்கிக்கொள்வர்.

அளவெடுப்பதிலேயே வேறுபாடு தொடங்குகின்றது. நம் தையற்காரர் உடம்பை அளப்பார்; பனிநாட்டில் உடம்பை அளந்து தைத்தால் அந்த ஆடை பயன்படாது. கம்பளிச் சட்டை, பஞ்சு வைத்துத் தைத்த அங்கி, தடித்த காற்சட்டை எல்லாவற்றையும் உடுத்திக்கொண்டு நின்ற பின்னரே அளவெடுக்க வேண்டும். அதன் மேலும் கைகளை உயர்த்தித் துப்பாக்கியைத் தோளில் ஏற்றும்போது முதுகில் இழுபடாதிருக்கத் துணி மிச்சம் வேண்டும். அதற்காகக் கமக்கட்டில் ஒரு சதுரத் துண்டை இணைத்துத் தைப்பர். தலைமூடி, தொப்பிக்கும் மேலாக வந்து நெற்றியை மறைக்கவேண்டும். ஆனால் காதையும் கண்ணையும் கட்டிவிடக் கூடாது. கழுத்திலும் இடுப்பிலும் நாடா கோத்துச் சுருக்குவர். உலோகக் கொளுவிகள் மினுங்கும். கடுங்குளிரில் விரலோடு ஒட்டும். உறைந்து திறக்கவும் மறுக்கும். தடித்த கையுறையைக் கழற்றாமலே போடவும் கழற்றவும் கூடிய பெரிய பொத்தான்களோ, கட்டும் நாடாக்களோ வேண்டும்.

துணியைத் தெரிவதும் எளிதன்று. நைலோன் உறுதியானது, விரைவில் உலரும். ஆனால் குளிரில் விறைத்து, ஒவ்வோர் அடிக்கும் தாள் கசங்குவதுபோல் ஓசையிடும். பனிக்காட்டின் அமைதியில் அந்தச் சரசரப்பு மானின் காதுக்கு எட்டிவிடும். எனவே மென்மையாகத் தேய்த்த பருத்தியை விரும்புகிறவர்கள் பலர். அந்தப் பருத்தி நனைந்தால் கனக்கும், உறைந்தால் பலகையாகும். இரண்டிலும் குறை உண்டு; வேட்டுவன் தன் காட்டின் ஈரத்தையும் காற்றையும் அறிந்து ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடையிற் கிடைக்கும் ஆடையை விட்டு அவன் தானே வெட்டித் தைக்க முற்படுவதன் காரணமும் இதுவே. கடைக்காரன் எல்லாக் காட்டுக்கும் ஓர் ஆடை செய்கிறான். வேட்டுவனுக்கோ ஒரே ஒரு காடுதான்.

காட்டுக்குக் காடு வெண்பனியின் தோற்றமும் வேறு. மரமற்ற சமவெளியில் தலை முதல் கால் வரை வெள்ளை பொருந்தும். ஊசியிலை மரக்காட்டில் பனி தரையிற் கிடக்க, கண்மட்டத்தில் கறுத்த அடிமரங்களே நிற்கும். அங்கே வெள்ளைக் காற்சட்டையும், சாம்பலும் பழுப்புமாய்த் திட்டுத் திட்டான மேற்சட்டையும் வேண்டும். அத்திட்டுகளும் ஒரே அளவாய், வரிசையாய் அமையக் கூடாது. ஒழுங்கைக் கண் விரைவிற் கண்டுபிடித்துவிடும். வெண்பனியின் நிழல் நீலங்கலந்த சாம்பல் நிறமானது. பழகிய பனி அழுக்கேறி மங்கும். புதிதாய் வெளுத்த துணியை அதன் முன் பிடித்தால், துணி தனியே தெரியும். துப்பாக்கிக்கும் வெள்ளைத் துணிக் கீற்றுகளைச் சுற்றாவிட்டால், உடுத்தவன் மறைந்து, ஒரு கறுத்த கோல் மட்டும் தானே நடந்து வருவதுபோல் இருக்கும்.

இனி, பார்க்கும் கண்ணைப் பற்றி. மனிதன் தன் கண்ணை அளவுகோலாக வைத்து ஆடை தைக்கின்றான். ஆனால் அதைப் பார்க்கப் போகிறது மான். மானின் கண்ணுக்குச் செம்மையும் பசுமையும் பிரித்தறிய இயலாதவை. நீலத்தையும், மனிதன் காணாத ஊதா கடந்த ஒளியையும் அது நன்கு உணரும். புதிய வெண்பனி அந்த ஊதா கடந்த ஒளியைப் பெருமளவு திருப்பி எறிவது. சாதாரண வெள்ளைத் துணிகள் பல அதை விழுங்கிவிடுகின்றன. ஆகவே மனிதனுக்கு வெள்ளையின் மேல் வெள்ளையாய்த் தோன்றும் ஆடை, அந்த ஒளியைக் காணும் கண்ணுக்கு இருண்ட உருவாய்த் தோன்றலாம். சலவைத் தூளில் சேர்க்கும் வெண்மையூட்டிகள் இன்னும் பகை. அவை அந்த ஒளியை வாங்கி நீலமாய் வீசுகின்றன. எனவே மறைப்பாடையைத் தைத்து முடித்தவன் அதை எதிற் கழுவுவது என்பதையும் எண்ணவேண்டியிருக்கிறது.

மறைவதில் வெற்றி பெற்றால் அதிலும் ஆபத்து. காட்டில் வேறு வேட்டுவரும் உள்ளனர். வெள்ளைக்குள் மறைந்த மனிதனை மானென்று எண்ணிச் சுட்டுவிடும் கொடுமை நேரக்கூடும். அதனால் அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் வேட்டைக் காலத்தில் கண்கூசும் செம்மஞ்சள் நிற மேலாடை அணிய வேண்டுமென்று சட்டம் இருக்கின்றது. மான் அந்நிறத்தை அறியாது, மனிதன் தவறாமல் அறிவான். ஒரே உடம்பில் ஒரு கண்ணுக்கு மறைவும் மற்றொரு கண்ணுக்கு விளக்கமும்! வேட்டைக்குப் போகாதவர்களுக்கும் இது உரியதே. இலங்கையிலிருந்து நோர்வே நாட்டிற் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள், பகல் சுருங்கிய குளிர்கால மாலைகளில் வண்டியோட்டிகளின் கண்ணிற் படுவதற்காக ஒளி திருப்பும் பட்டைகளை மேலங்கியில் தொங்கவிட்டே பள்ளியிலிருந்து வீடு திரும்புகின்றனர்.

தமிழ்நிலத்து வேட்டுவரும் கண்ணை ஏமாற்றும் வழி அறிந்தவரே. பெரும்பாணாற்றுப்படையில் எயினரின் முற்றத்து விளாமரத்தின் கீழே பார்வை மான் கட்டியிருந்த செய்தி வருகின்றது. பழகிய மானைக் காட்டிக் காட்டு மானை அழைப்பது அக்காலத்து முறை. அங்கே வேட்டுவன் மறைவதற்கு இலையும் புதரும் போதும். தைத்த ஆடை தேவைப்படவில்லை. திருக்கோணமலைப் பகுதியின் கரையோர வேடர்களைப் பற்றியும் இதையே கூறலாம். வெப்ப நாட்டுக் காடு, மறைப்பை வேட்டுவனுக்கு இலவசமாக வழங்குகின்றது. பனிநாட்டு வெட்டவெளி வழங்குவதில்லை. அதனாலேயே அங்கு ஊசியும் நூலும் வேட்டைக் கருவிகளாயின.

வேட்டுவனின் இந்த அறிவு போர்வீரனிடம் வந்து சேர நெடுநாள் ஆயிற்று. ஐரோப்பியப் படைகள் செந்நிறமும் நீலமும் அணிந்து, கண்ணிற் படுவதையே பெருமையாய்க் கொண்டிருந்தன. வெடிமருந்துப் புகை சூழ்ந்த களத்தில் தன் படை எது, மாற்றான் படை எது என்று தளபதிக்குத் தெரியவேண்டுமல்லவா? மாற்றம் இந்திய மண்ணில் தொடங்கிற்று. 1846ஆம் ஆண்டு பெஷாவரில் ஹரி லம்ஸ்டன் என்பவர் வழிகாட்டிப் படை ஒன்றைத் திரட்டினார். அப்படைக்குப் புழுதி நிற உடையைத் தெரிந்தெடுத்தனர். பாரசீகத்தில் 'காக்' என்றால் புழுதி, அதுவே காக்கியாயிற்று. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் போது வெள்ளைச் சீருடை அணிந்திருந்த ஆங்கிலப் படையினர் அதன் ஆபத்தை உணர்ந்து, தேயிலைச் சாற்றிலும் கோப்பிச் சாற்றிலும் சேற்றிலும் தோய்த்தெடுத்தனர். ஒருவன் சட்டை கபிலமாகவும், அடுத்தவன் சட்டை சாம்பலாகவும், ஒரு மழைக்குப் பின் இரண்டும் வெள்ளையாகவும் இருந்த காலம் அது. வெயிலுக்கும் சலவைக்கும் மங்காத காக்கிச் சாயத்துக்கு லங்காஷயரில் உரிமம் பெற்றது 1884ஆம் ஆண்டில். 1902ஆம் ஆண்டில் பிரித்தானியப் படை முழுவதும் தன் களச் சீருடையாக மங்கிய காக்கி நிறத்தை ஏற்றது.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னே, போயர் யுத்தத்துக்கென்று லோவற் பிரபு ஸ்கொத்லாந்து மலைநாட்டின் மான் காவலரையும் வேட்டைத் துணைவரையும் ஒரு படையாகத் திரட்டினார். சாக்குத் துணிக் கீற்றுகளைச் சட்டையெங்கும் தொங்கத் தைத்துப் புதரோடு புதராய்க் கிடக்கும் முறை அவர்களுடையது. மானுக்காகத் தைத்ததை மனிதனுக்காக உடுத்தார்கள். வரலாறு இந்த இடத்திற் சற்றுக் கசக்கின்றது.

வெள்ளையாடையின் பெரும் சோதனை 1939ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் தொடங்கிற்று. சோவியத் படைகள் பின்லாந்தினுள் புகுந்தன. பின்லாந்தின் வீரர்களிற் பலர் உழவரும் வேட்டுவரும். பனிச்சறுக்குக் கட்டையில் நடக்கப் பிள்ளைப்பருவத்திலேயே பழகியவர்கள். வெள்ளை மேலங்கியோடு காட்டுக்குள் வந்து தாக்கி, வெள்ளைக்குள்ளேயே கரைந்தார்கள். எதிர்த்து வந்த படையிலோ தொடக்கத்திற் பலரிடம் பனிக்கேற்ற மேலாடை இல்லை. 1940ஆம் ஆண்டு சனவரியில் ராத்தே வீதியில் நீண்டு கிடந்த சோவியத் படையணி, வெண்சாலையில் இழுத்த கரிக்கோடுபோல் தெளிவாய்த் தெரிந்து, துண்டு துண்டாக அறுக்கப்பட்டது. அந்த யுத்தத்தின் பெயர்பெற்ற குறிகாரர் சிமோ ஹையா பண்ணை உழவர், வேட்டுவர். துப்பாக்கியில் தொலைநோக்கிக் கண்ணாடி பூட்ட அவர் விரும்பவில்லை. கண்ணாடி வெயிலில் ஒரு கணம் மினுங்கினால், தைத்த ஆடை முழுவதும் வீணாகிவிடுமன்றோ!

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. யுத்தக் கதைகளிலே முகம் மலரச் செய்வன சிலவே, அவற்றில் இது ஒன்று. 1944ஆம் ஆண்டு டிசம்பரில் பெல்ஜியத்தின் பஸ்தோன் நகரை அடுத்த எம்ருல் என்னும் சிற்றூரில் அமெரிக்க வீரர்கள் வெண்பனியில் அகப்பட்டு நின்றார்கள். வெள்ளை மேலாடை வந்து சேரவில்லை. அவர்களுடைய தலைவரான மேஜர் ஜோன் ஹான்லன் ஊராரிடம் படுக்கை விரிப்புகளை இரவல் கேட்டார். வீட்டுக்கு வீடு பெண்கள் விரிப்புகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவற்றைப் போர்த்தியும் கிழித்துக் கட்டியும் வீரர் பனியில் மறைந்தனர். யுத்தம் முடிந்த பின் அந்த இரவல் அவருடைய நெஞ்சை உறுத்திற்று. 1948ஆம் ஆண்டில் தம் ஊரார் அளித்த புதிய விரிப்புகளோடு எம்ருலுக்குத் திரும்பிச் சென்று கடனைத் தீர்த்தார்.

தரையில் இவ்வாறிருக்க, கடலிலே மறைவது எவ்வாறு? கடலுக்குப் புதரும் இல்லை, பனியும் இல்லை. முதல் உலக யுத்தத்தில், 1917ஆம் ஆண்டு, ஓவியர் நோர்மன் வில்கின்சன் வேறொரு வழி கூறினார். கப்பலை மறைக்க முடியாது. ஆனால் அது எந்தத் திசையில், எவ்வளவு வேகத்திற் செல்கின்றது என்று பார்ப்பவன் மயங்கும்படி கறுப்பும் வெள்ளையும் நீலமுமாய்க் கோணற் பட்டைகள் தீட்டலாம் என்றார். 1940ஆம் ஆண்டில் மவுண்ட்பேற்றன் பிரபு, மாலை வேளையில் இளஞ்சிவப்புக் கலந்த சாம்பல் நிறக் கப்பலொன்று கண்ணினின்றும் மறைவதைக் கண்டு, தம் கப்பல்களுக்கு அந்நிறம் பூசச் செய்தார். அந்தியில் நல்ல பயன் தந்த அந்த நிறம், உச்சிப்பொழுதில் அவ்வாறு தரவில்லை. முயலின் தொல்லையே கப்பலுக்கும். அவர் பின்னர் 1944ஆம் ஆண்டில் தென்கிழக்காசியத் தலைமைத் தளபதியாகக் கண்டியிலே தலைமையகம் அமைத்தார் என்பது இலங்கையர் அறிந்த செய்தி.

திருக்கோணமலைத் துறைமுகத்துக்கு இயற்கையே மறைப்பாடை தைத்து வைத்திருந்தது. கொட்டியாரக் குடாவைக் கடந்து, ஒடுங்கிய வாயிலினூடே நுழைந்தால்தான் உட்துறைமுகம். சுற்றிலும் காடடர்ந்த குன்றுகள். வெளிக்கடலில் நிற்கும் மாற்றானுக்கு உள்ளே நங்கூரமிட்ட கப்பல் புலப்படாது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இத்துறைமுகத்துக்காகப் பொருதது அதன் ஆழத்துக்காக மட்டுமன்று; இந்த ஒளிவிடத்துக்காகவுமே. ஆங்கிலேயர் சீனன்குடாவில் எண்ணெய்க் குதங்களை அமைத்தபோதும், ஏறத்தாழ நூறு குதங்களையும் காட்டு மரங்களிடையே தள்ளித் தள்ளிப் பரப்பியே வைத்தனர்.

இந்த ஆடையில் ஒரே குறை. அதற்குத் தலைமூடி இல்லை. மேலிருந்து பார்க்கும் கண்ணை எண்ணி இயற்கை அதைத் தைக்கவில்லை.

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆம் நாள், இலங்கைக்குத் தெற்கே வெகுதொலைவில், கனடிய விமானி லெனாட் பேர்ச்சல் செலுத்திய கற்றலீனா விமானம் யப்பானியக் கப்பற்படையைக் கண்டது. செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அது சுட்டு வீழ்த்தப்பட்டது. அவர் சிறைப்பட்டு, யுத்தம் முடியும்வரை உயிர்தாங்கி மீண்டார். தளபதி நகுமோவின் ஐந்து விமானந் தாங்கிகள் வந்துகொண்டிருந்தன. மறுநாள் உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு தாக்கப்பட்டது. பிரித்தானியக் கீழைக் கப்பற்படையின் பெரும்பகுதி அப்போது இலங்கையிலேயே இல்லை. தளபதி சொமர்வில் அதற்கு மாலைதீவின் தென்கோடியிலுள்ள அட்டு தீவுக்கூட்டத்தை இரகசியத் தளமாக வைத்திருந்தார். யப்பானியர் அப்படியொரு தளம் இருப்பதை அறியார். ஆகவே அங்கே தேடவும் இல்லை. அந்த வாரம் இந்துமாக்கடலில் சிறந்த மறைப்பாக அமைந்தது சாயமும் துணியும் அல்ல, இந்த அறியாமையே.

திருக்கோணமலையில் நின்ற கப்பல்களுக்கு அந்த வாய்ப்பில்லை. அடுத்த தாக்குதல் இங்கேதான் என்று உணர்ந்து, 8ஆம் நாள் இரவு அவற்றை வெளியேற்றினர். கரையோரமாய்த் தெற்கே சென்று மறைந்திருந்து, ஆபத்து நீங்கியதும் திரும்புவது திட்டம். 'ஹேர்மிஸ்' என்னும் விமானந் தாங்கியும், அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் 'வம்பயரும்' அவ்வாறு சென்றவற்றுள் முக்கியமானவை. விமானந் தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதற் கப்பல் 'ஹேர்மிஸ்'. அன்றோ அதன் விமானங்கள் தரையில் நின்றன. தாங்குவதற்கு ஒன்றுமில்லாமலே அது கடலிற் சென்றது.

9ஆம் நாள் காலை ஏழு மணியளவில் திருக்கோணமலையின் றேடார் நிலையம் ஏறத்தாழ 90 மைலுக்கு அப்பாலேயே வரும் விமானக் கூட்டத்தைக் கண்டது. வெறுங்கண்ணுக்கு எட்டாத் தொலைவு அது. எந்தச் சாயமும் எந்த வலையும் அந்தக் கண்ணை மறைக்கவல்லன அல்ல. தையற்காரனும் ஓவியனும் சேர்ந்து வளர்த்த மறைப்புக்கலைக்கு எதிராக ஒரு புதிய கண் திறந்துவிட்டது. இருபதுக்கு மேற்பட்ட போர்விமானங்கள் முன்னரே எழும்பி எதிர்த்துப் பொருதன; ஆயினும் வந்தவை நூற்றுக்கு மேற்பட்டவை. கப்பற்றுறையும் சீனன்குடா விமானத்தளமும் குண்டுகளுக்கு இரையாயின. 'சகாயிங்' என்னும் வணிகக் கப்பல் துறைமுகத்திலேயே தீப்பற்றிற்று. ஒரு யப்பானிய விமானம் எண்ணெய்க் குதமொன்றின் மீது வீழ்ந்து, குதம் நாட்கணக்கில் எரிந்தது. நகர மக்கள் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு உள்நாட்டுக்கு நடந்தனர். அவர்களுக்குக் காடே அன்றைய போர்வை.

'ஹேர்மிஸ்' அவ்வேளை மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் வடக்கு நோக்கித் திரும்பி வந்துகொண்டிருந்தது. 'ஹருனா' என்னும் போர்க்கப்பலிலிருந்து புறப்பட்ட உளவு விமானம் ஒன்று அதைக் கண்டுவிட்டது. அந்த விமானம் அனுப்பிய செய்தியை ஆங்கிலேயரும் ஒற்றுக்கேட்டு உதவிக்கு விமானங்களைக் கோரினர். அவை உரிய வேளைக்கு வந்து சேரவில்லை. காலை பத்தரை மணிக்குப் பின் குண்டுவீச்சு விமானங்கள் செங்குத்தாய்ப் பாய்ந்தன. ஏறத்தாழ இருபது நிமிடத்தில் 'ஹேர்மிஸ்' மூழ்கிற்று. தலைவர் ஒன்ஸ்லோ உள்ளிட்ட 307 பேர் மாண்டனர். 'வம்பயரும்' அதைத் தொடர்ந்தது. அண்மையிற் சென்ற 'ஹொலிஹொக்' என்னும் சிறு போர்க்கப்பலும் எண்ணெய்க் கப்பல்கள் இரண்டும் வணிகக் கப்பல் ஒன்றும் அன்றே கடலுக்கு இரையாயின.

எஞ்சியோர் எண்ணெய் படர்ந்த நீரில் நீந்திக்கொண்டிருந்தனர். அப்பொழுது அந்தப் பக்கம் ஒரு கப்பல் வந்தது. அதன் பக்கங்கள் வெள்ளை. நீள்பக்கம் நெடுகப் பச்சைப் பட்டை, இடையிடையே பெருஞ் செஞ்சிலுவைகள். அது 'வீட்டா' என்னும் மருத்துவக் கப்பல். 1907ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின்படி படையினரின் மருத்துவக் கப்பல் வெள்ளை பூசி, ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் அகலப் பச்சைப் பட்டை தீட்டி நிற்கவேண்டும். மற்றக் கப்பல்கள் எல்லாம் சாம்பலிலும் நீலத்திலும் பட்டைகளிலும் ஒளிய முயலும் கடலில், மருத்துவக் கப்பல் மட்டும் தன்னை எல்லாருக்கும் காட்டிக்கொண்டே செல்லும். மறைந்தால் அதற்குப் பாதுகாப்பில்லை; காண்கிறவன் கண்டுகொண்டு கையை அடக்குவதே அதன் பாதுகாப்பு. யுத்த காலத்தில் அந்த நம்பிக்கை பொய்த்த இடங்கள் பலவுண்டு. மட்டக்களப்புக் கடலில் அன்று பொய்க்கவில்லை. வானில் யப்பானிய விமானங்கள் இருந்தும் 'வீட்டா' தாக்கப்படவில்லை. அது நீரிற் கிடந்தவர்களில் ஏறத்தாழ 600 பேரை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குச் சென்றது.

வெப்பநாட்டு யுத்தத்தின் நிறமும் அதன்பின் மாறிற்று. பர்மாக் காட்டின் ஈரப்பச்சையில் புழுதி நிறக் காக்கி தனித்துத் தெரிந்தமையால், 1943ஆம் ஆண்டளவில் இந்தியாவிலிருந்த படைகளின் காக்கி உடுப்புகள் பச்சைச் சாயத்தில் தோய்க்கப்பட்டன. பெஷாவரின் புழுதிக்குப் பொருந்தியது அரக்கானின் மூங்கிற் காட்டுக்குப் பொருந்தவில்லை. பீரங்கிகளுக்கும் வண்டிகளுக்கும் மேலாக விரித்த மறைப்பு வலைகளும் அவ்வாறே அமைந்தன. மீன்வலைபோன்ற பின்னலில் சாயமிட்ட சாக்குத் துணிக் கீற்றுகளைக் கோத்துக் கட்டுவர். கீற்று நடுவில் நெருக்கமாகவும் ஓரத்துக்கு வர வர ஐதாகவும் இருக்கவேண்டும்; இல்லையேல் வலையின் நிழல் தரையில் நேர்கோடாய் விழுந்து மேலிருப்பவனுக்கு இடத்தைச் சொல்லிவிடும்.

'சகாயிங்' கப்பலின் எரிந்த உடலைப் பின்னர் 1943ஆம் ஆண்டில் துறைமுகத்திலேயே அமிழ்த்தினர். 75 ஆண்டுகள் நீருக்குள் மறைந்து கிடந்த அதை இலங்கைக் கடற்படையின் சுழியோடிகள் 2018ஆம் ஆண்டில் மேலே கொண்டுவந்தனர். 'ஹேர்மிஸ்' இன்னும் மட்டக்களப்புக்கு வெளியே, 50 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில், பக்கம் சாய்ந்து கிடக்கின்றது. திருக்கோணமலையிலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் வீதியோரத்தில் யுத்தத்தில் இறந்தோரின் மயானம் ஒன்று பேணப்பட்டு வருகின்றது. அங்குள்ள கற்களும் வெள்ளை. வீதியிற் செல்வோர் தவறாமற் காணும்படி வெயிலில் வரிசையாய் நிற்கின்றன.